மாப்பிள்ளைக்கு ஒரு சுவிட்ச்

மார்ச் 3, செவ்வாய்

இன்று யாரும் பறக்கவில்லை. காலையிலிருந்து மேகம் ரன்வேயின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. விமானிகள் அறையில் ஏழு பேரும் ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை பட்டியல் வருகிறது. புதுப் போர் விமானத்தை முதன்முதலில் யார் ஓட்டப்போவது?

அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மாப்பிள்ளை. மூன்றாம் ஹேங்கர் கொட்டகையில் அதற்குத் தனி ஏசி, சுற்றிலும் முப்பது பேர், பக்கத்தில் நின்று தும்மினால்கூட அதட்டல். இன்னும் ஓர் அடி உயரம் எழும்பவில்லை, அதற்குள் அத்தனை முறுக்கு. பெயர் வைத்தவர் மீசை அண்ணா. எங்கள் சோதனைப் பிரிவிலேயே அதிக நேரம் வானத்தில் இருந்தவர். மூவாயிரம் மணி நேரம். எனக்கு ஆயிரத்து எண்ணூறு. நான் இங்கே சேர்ந்த நாளே என்னைத் தங்கச்சி என்று சொல்லி, தப்புப் பண்ணினால் எல்லார் முன்னாலும் திட்டுகிற உரிமையையும் கூடவே எடுத்துக்கொண்டார்.

அவர்தான் முதலில் இருப்பார். இருக்க வேண்டும். அப்புறம் நான் எதற்கு மூன்று நாளாக நகம் கடிக்கிறேன்?

மார்ச் 6, வெள்ளி

நான்தான்! முதல் ஆள் நான்தான்!

மார்ச் 7, சனி

நேற்று எழுத உட்கார்ந்தேன், ஒரு வரிக்கு மேல் வரவில்லை. இன்று கொஞ்சம் பரவாயில்லை.

பட்டியலைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குத்தான் போன் செய்தேன். அவர் மயக்க மருந்து டாக்டர். இரண்டு ஆபரேஷனுக்கு நடுவில் எடுத்தார். "மாப்பிள்ளை எனக்குத்தான்!" என்று கத்தினேன்.  "அப்ப நான் யாரு?" என்றார். பக்கத்தில் நர்ஸ் சிரிப்பது கேட்டது.

அம்மாவிடம் சொல்லும்போது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லித் தொலைத்தேன். இதைக் கம்ப்யூட்டர்தான் பிடித்துக்கொள்ளும், நான் சொல்வதை அது செய்யும் என்று. "கம்ப்யூட்டரே ஓட்டும்னா நீ எதுக்குடி போற? அது மட்டும் போயிட்டு வரட்டுமே," என்றாள். இதற்கு எந்த விமானப் பள்ளியிலும் பதில் சொல்லித் தரவில்லை.

மீசை அண்ணா பட்டியலில் இரண்டாவது. பயந்துகொண்டேதான் அவர் பக்கம் திரும்பினேன். வந்து தோளில் ஓங்கி ஓர் அடி. இன்னும் வலிக்கிறது. "சந்தோஷம்மா. நெஜமாவே சந்தோஷம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. கையால ஓட்டற சுவிட்ச் இல்லாம நீ அதுல கால் வைக்கக் கூடாது."

மார்ச் 9, திங்கள்

முதல் கூட்டம். வெள்ளைப் பலகைக்கு முன்னால் மெலிந்த ஓர் ஆள், சட்டைப் பையில் நாலு பேனா. மாப்பிள்ளையின் மூளைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிய பொறியாளர். எங்களுக்கு அவர் பெயர் கணக்கு. எதைக் கேட்டாலும் பதில் எண்ணில்தான் வரும்.

விஷயம் இதுதான். நாங்கள் இத்தனை வருடம் ஓட்டிய பழைய விமானத்தில் ஸ்டிக்கை இழுத்தால் ஒரு கம்பி இழுபடும், அந்தக் கம்பி வாலில் இருக்கும் தகட்டை அசைக்கும். கைக்கும் தகட்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. மாப்பிள்ளையில் கம்பியே கிடையாது. கை அசைந்தால் அது நாலு கம்ப்யூட்டருக்குத் தகவலாகப் போகும். அவை தங்களுக்குள் ஒத்துப்போய்த் தகட்டை அசைக்கும்.

"அதாவது நாம மனு கொடுக்கணும், நாலு ஆபீசர் கையெழுத்துப் போடணும், அப்புறம்தான் வால் ஆடும்," என்றார் மீசை அண்ணா. அறையே சிரித்தது. கணக்கு சிரிக்கவில்லை.

"சார், ஒரு குச்சியை உள்ளங்கையில நிமிர்த்தி வெச்சா, கையை அசைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லன்னா விழுந்துடும். இந்த விமானமும் அப்படித்தான். நினைச்ச மாத்திரத்துல திரும்பணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கோம். செகண்டுக்கு எண்பது தடவை திருத்தணும். உங்க கை எத்தனை தடவை திருத்தும்?"

"நீயே சொல்லுப்பா."

"மூணு. நல்லாத் தூங்கி எழுந்திருந்தா நாலு."

"அப்ப இது விழற வண்டியா?"

"ஆமா சார். விழாம பாத்துக்கறதுதான் கம்ப்யூட்டரோட வேலை."

மீசை அண்ணா எழுந்து நின்றார். "எங்களுக்கு ஒரு சுவிட்ச் வேணும். தட்டினா நாலு கம்ப்யூட்டரும் ஒதுங்கிக்கணும். விமானம் என் கைக்கு வரணும். அவ்வளவுதான்."

ஐந்து விமானிகள் மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மார்ச் 12, வியாழன்

கமாண்டர் கூப்பிட்டார். அவர் அறையில் எப்போதும் உட்காரச் சொல்ல மாட்டார்; இன்று சொன்னார். 

சுவிட்ச் வைப்பதென்றால் நாலு மாதம் தாமதம். வேண்டாம் என்றால் ஏப்ரல் முதல் வாரமே பறக்கலாம். "முதல்ல ஏறப்போறது நீங்க. உங்க உயிர். வேணுமா வேண்டாமான்னு 23-ந்தேதிக்குள்ள எழுதிக் கொடுங்க. நீங்க எழுதறதுதான் முடிவு."

ஏன் என் தலையில்? நான் ஓட்டத் தெரிந்தவள். தீர்ப்பு எழுதத் தெரிந்தவள் இல்லை.

இதில் எனக்குள்ள சங்கடம் யாருக்குத் தெரியாவிட்டாலும் இந்த நோட்டுக்குத் தெரியட்டும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சி விமானம். இரண்டு சீட். முன்னால் மீசை அண்ணா, பின்னால் நான். விமானத்தை நேராக வைத்திருக்க அதில் ஒரு பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்கு அன்று என்ன பிடித்ததோ, மூக்கு மேலே போகிறது என்று தானாகவே நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்து அழுத்த ஆரம்பித்தது. ஸ்டிக்கை இழுத்தால் அது திருப்பித் தள்ளுகிறது. கண்ணாடி முழுக்க வயல். அண்ணா ஒரு கையால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்தார். பெட்டி செத்தது. அப்புறம் வெறும் கைதான். மரங்களுக்கு மேலே முன்னூறு மீட்டரில் நிமிர்த்தினார்.

ஒரு கம்ப்யூட்டரை அணைத்ததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். நான் போய் 'சுவிட்ச் வேண்டாம்' என்று எழுதுவதா?

அப்போ வேணும்னு எழுதிட வேண்டியதுதானே. ஏன் எழுதல?

மார்ச் 16, திங்கள்

தரையிலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் கணக்கு ஒரு பொய்ச் சுவிட்சைப் பொருத்திவைத்திருந்தார். தட்டினால் கம்ப்யூட்டர்கள் ஒதுங்கிவிடும், விமானம் எங்கள் கைக்கு வரும்.

நான் பதினோரு தடவை செத்தேன்.

மிகையில்லை. தட்டினேன், திரையில் வானமும் தரையும் இடம் மாறின, சிவப்பு விளக்கு. மறுபடி. மறுபடி. பன்னிரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நாலு விநாடி தாக்குப்பிடித்தேன். வெளியே வந்தபோது சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், சுவிட்சைத் தொடாமல் ஓட்டிய இருபது நிமிடம் இருக்கிறதே! திரும்ப நினைத்தால் திரும்பியது. சிமுலேட்டரே இப்படியென்றால் நிஜம் எப்படியிருக்கும்! இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டும் என்று கணக்கிடம் கேட்டும் வைத்தேன்.

மீசை அண்ணா இரண்டு விநாடி. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "இது இவங்க எழுதின சினிமா. இவங்க வெச்ச இடத்துலதான் விழும்," என்றார்.

அதுவும் தப்பில்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 18, புதன்

காலையில் முட்டை பொரித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஆபரேஷன் அறையில நாள் முழுக்க மெஷினோடதானே இருக்கீங்க. அதை நம்பறீங்களா?"

"நம்பறேன்."

"எப்படி?"

"திரையில எல்லாம் சரின்னு காட்டும். இருந்தாலும் நோயாளியோட உதட்டைப் பார்ப்பேன். உதடு வெளுக்காம இருந்தா மெஷின் சொல்றதும் சரி. இப்படி ஆயிரம் தடவை பார்த்தப்புறம் வந்த நம்பிக்கை அது. வாங்கின அன்னிக்கே வந்துடல."

"மாப்பிள்ளைக்கு உதடு எங்க இருக்கு?"

"அதை நீதான் தேடணும். முட்டை கருகுது பாரு."

நேராகக் கணக்கின் அறைக்குப் போனேன். ஜன்னல் இல்லாத அறை, மூன்று திரை, குப்பைக்கூடை நிறைய காகிதக் கப். "எல்லாத்தையும் காட்டுங்க. எப்படி முடிவெடுக்குது, எப்ப மறுக்கும், என்ன தெரியும், என்ன தெரியாது. ஒண்ணு விடாம." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை மேடம்," என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மார்ச் 20, வெள்ளி

மூன்று நாளாக அந்த அறைதான். நாலு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்று உளறினால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை வெளியே தள்ளிவிடும். இன்னொன்றும் உளறினால் மீதி இரண்டு போதும். பயிற்சி விமானத்தில் அன்றிருந்தது ஒரே ஒரு பெட்டி, அதைத் தட்டிக்கேட்க ஆளில்லை. இங்கே அப்படியில்லை.

கடைசியாகக் கேட்டேன். "நாலும் சேர்ந்து தப்புப் பண்ணினா?"

நம்பரோடு பதில் வரும் என்று காத்திருந்தேன். பேனாவை மூடி, திறந்து, மூடினார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல மேடம். அப்படி நடக்கக் கூடாதுன்னு ஒன்பது வருஷமா வேலை பார்க்கிறேன். நடக்கவே நடக்காதுன்னு சொன்னா அது பொய்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில்தான். ஒருவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் அவர் தெரியும் என்று சொல்வதை நம்பலாம். இல்லையா?

மார்ச் 23, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். சுவிட்ச் வேண்டாம்.

காகிதம் கமாண்டர் மேஜைக்குப் போவதற்கு முன்னால் மீசை அண்ணாவிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று கேன்டீனுக்குப் போனேன். சொன்னேன். டீ கப்பைக் கீழே வைத்தார்.

"காரணம்?"

"அண்ணா, அந்தச் சுவிட்சால யாரும் பிழைக்க முடியாது. பயத்துல தட்டத்தான் தோணும். தட்டினா ரெண்டு செகண்ட்ல முடிஞ்சிடும். அது கதவு மாதிரி வரைஞ்சு வெச்ச சுவரு."

 பிறகு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு உன்னைக் காப்பாத்தினது எந்தக் கம்ப்யூட்டர்?"

எழுந்து போய்விட்டார். டீ அப்படியே இருந்தது. நான் என்ன சொல்றது? என்ன சொல்லியிருக்கணும்? நான் மறந்துட்டேன்னு நினைக்கறாரா? ஒரு நாள்கூட மறந்ததில்லண்ணா. ஒரு நாள்கூட.

மார்ச் 25, புதன்

மீசை அண்ணா தன் பழைய விமானப் படைப்பிரிவுக்கே திரும்பிப் போக மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாராம். என்னிடம் யாரோ சொல்லித்தான் தெரிகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

பறந்தாச்சு. பறந்தாச்சு! பறந்தாச்சு!

எங்கிருந்து எழுதுவது? காலை ஏழே கால். ரன்வே கழுவிவிட்டது போல இருந்தது. ஏணியில் ஏறும்போது மெக்கானிக் என் காலைத் தட்டி, "பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க மேடம், எங்க வீட்டுப் பையன்," என்றார். இருபது விநாடி ஓட்டம் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு மூச்சு ஒன்று இழுத்து விட்டது போலத்தான் இருந்தது. சக்கரம் தரையை விட்டதே தெரியவில்லை. சத்தம் மட்டும் மாறியது.

அப்புறம் — எப்படிச் சொல்ல — பழைய விமானத்தில் நான் எப்போதும் ஒரு வேலைக்காரி. பிடி, தள்ளு, காற்று அடித்தால் திருத்து. இங்கே இடது பக்கம் போக வேண்டும் என்று மனசு நினைத்தது, இடது பக்கம் வந்துவிட்டது. மேகத்துக்கு மேலே பெரிய வட்டம் ஒன்று போட்டேன், ஒரு நடுக்கம் இல்லை. சத்தமாகச் சிரித்திருக்கிறேன். ரேடியோ திறந்திருந்தது என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. கட்டுப்பாட்டு அறையில் நாற்பது பேர் கேட்டார்களாம்.

பக்கத்திலேயே பழைய விமானத்தில் துணைக்கு வந்தவர் மீசை அண்ணா. வெளியிலிருந்து என் விமானத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், ட்யூட்டி அவருடையது. பத்து நாளாக ஒரு வார்த்தை பேசாதவர். இறங்கத் தயாரானபோது ரேடியோவில் அந்தக் குரல்: "சக்கரம் மூணும் கீழ வந்திருச்சு." கொஞ்சம் இடைவெளி. "பார்க்க அழகாத்தான் இருக்கு."

என்னைச் சொல்லவில்லை, விமானத்தைத்தான். இருந்தாலும் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் துடைக்க முடியாது.

ஏப்ரல் 3, வெள்ளி

வீட்டுக்காரர் வாசலில் கையில் பூங்கொத்தோடு நின்று, "பழைய மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குவீங்களா?" என்றார்.

ஏப்ரல் 16, வியாழன்

முழுதாக எழுத வேண்டும். ஒன்றும் விடாமல்.

ஆறாவது பறத்தல். மேலே எல்லாம் சுகம். இறங்கும்போது பக்கவாட்டில் காற்று, எதிர்பார்த்ததுதான். ரன்வேயின் தொடக்கத்தைத் தாண்டினேன். தரையிலிருந்து பதினைந்து மீட்டர். அப்போது ஒரு வீச்சு அடித்தது, மூக்கு எழுந்தது. தள்ளினேன். உடனே கேட்கவில்லை. இன்னும் தள்ளினேன். இப்போது கேட்டது, நான் கேட்டதைவிட அதிகமாக. மூக்கு கீழே. இழுத்தேன். தாமதம். இன்னும் இழுத்தேன். மேலே.

நான் தள்ளும்போது அது எழுகிறது. நான் இழுக்கும்போது அது விழுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் போன ஆட்டத்தைவிடப் பெரிசு. இது என்ன என்று எனக்குத் தெரியும். எல்லாச் சோதனை விமானிக்கும் தெரியும். வகுப்பில் மற்றவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பதறின கையும் விமானமும் மாறி மாறி ஆடும், ஆட்டத்தை வளர்ப்பது விமானி, கையை எடுத்தால் அடங்கும். தெரியும்! ஆனால் தரை இவ்வளவு கிட்டே இருக்கும்போது கை எப்படி வரும்? கை என் பேச்சைக் கேட்கவில்லை. அது ஸ்டிக்கைக் கழுத்தைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மனசு என்ன தேடியது தெரியுமா? சுவிட்ச். நான் வேண்டாம் என்று எழுதின அந்தச் சுவிட்ச். இருந்திருந்தா தட்டியிருப்பேன். சத்தியமா தட்டியிருப்பேன். செத்திருப்பேன்.

ரேடியோவில், துணை விமானத்திலிருந்து ஒரு கத்தல்.

"கையை எடு! எடும்மா கையை!"

மீசை அண்ணா.

எடுத்துவிட்டேன். யோசித்து எடுக்கவில்லை. அந்தக் குரலுக்கு எடுத்தேன். சுட்ட பாத்திரத்தை விடுவது போல விரலை விரித்துவிட்டேன்.

ஒன்று. இரண்டு.

மூக்கு நேராக நின்றது. அவ்வளவுதான். தண்ணீரில் மிதக்கும் இலை மாதிரி. தரை ஆறு மீட்டருக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. இடது கையால் எஞ்சினுக்கு வேகம் கொடுத்து மேலே ஏற்றினேன். வலது கையில் இரண்டே விரலால் ஸ்டிக்கைத் தொட்டேன். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அந்த இரண்டு விரலாலேயே இறக்கினேன். சக்கரம் தரையைத் தொட்ட சத்தம்கூட இல்லை.

இறங்கி, ஏணிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணா தன் விமானத்தை நிறுத்திவிட்டு ரன்வே ஓரமாக ஓடி வந்தார். அந்த உடம்போடு அவர் ஓடி இன்றுதான் பார்த்தேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"நீங்களா அண்ணா கையை எடுக்கச் சொன்னது?"

"பின்ன? பக்கத்துலேர்ந்து பார்த்துக்கிட்டே வர்றேன். அது உன்னோட சண்டை போடலம்மா. நீதான் அதோட சண்டை போட்ட." மீசையைத் தடவிக்கொண்டார்.  "அன்னிக்கு அந்தப் பெட்டி நம்மளைத் தரையில தள்ளிச்சு. இன்னிக்கு இது நிக்கத்தான் பார்த்துச்சு. கண்ணால பார்த்தப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

எங்களைப் பார்த்து எல்லாரும் தூரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும். அடக்க முடியவில்லை. உயிரோடு இருப்பது இவ்வளவு வேடிக்கையான விஷயம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது.

ஏப்ரல் 17, வெள்ளி

கணக்கு தூங்கியது போலத் தெரியவில்லை. வரைபடங்களைப் பலகையில் ஒட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"தப்பு என்னோடது. சக்கரம் இறங்கினதுக்கப்புறம் விமானம் எவ்வளவு வேகமா பதில் சொல்லணும்கறதை ரொம்பக் கூட்டி வெச்சுட்டேன். வால் தகட்டால அந்த வேகத்துக்கு ஓடி வர முடியல. பின்தங்கிடுச்சு."

"ஏன் கூட்டினீங்க?" கமாண்டர்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "நான் கேட்டேன் சார். சிமுலேட்டர்ல, இன்னும் சுறுசுறுப்பா வேணும்னு கேட்டது நான்தான்."

"கேட்டாலும் நான் கொடுத்திருக்கக் கூடாது மேடம். சிமுலேட்டர்ல யாருக்கும் பயம் வராது. பயந்த கை எவ்வளவு பலமா, எவ்வளவு வேகமா ஆடும்னு நான் கணக்குல சேர்க்கவே இல்ல. என்கிட்ட அந்த நம்பர் இல்ல."

பின்வரிசையிலிருந்து மீசை அண்ணா: "அதை என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க பேசற நிலைமையில இல்லையே சார்."

 முதலில் சிரித்தவர் அண்ணாதான். "சரிப்பா. இப்ப பேசறேன். எங்க உக்காரணும்?"

மாப்பிள்ளைக்கு ஆறு வாரம் ஓய்வு.

மே 12, செவ்வாய்

ஜன்னல் இல்லாத அந்த அறையில் இப்போது மூன்று நாற்காலி. தினமும் மாமன் மச்சான் சண்டை. வாசலில் நின்றாலே கேட்கும்.

"கை பதறுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல திசை மாறினா சார்."

"மாறினா?"

"மாறினா கம்ப்யூட்டர் கொஞ்சம் நிதானமா எடுத்துக்கணும். எல்லாத்தையும் அப்படியே செய்யக் கூடாது."

"கொஞ்சம்னா எவ்வளவு? வீட்ல சம்சாரம் கோபத்துல சொல்றதை நான் எவ்வளவு காதுல வாங்கறேனோ அவ்வளவா?"

"அது எத்தனை சதவீதம் சார்?"

கணக்கு அதைப் பேனாவால் குறித்துக்கொள்ளத் தயாராக இருந்தார் என்பதுதான் கொடுமை. அண்ணாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

சாயந்தரம் கமாண்டர் எட்டிப் பார்த்து, அந்த மாற்றல் மனுவை மேலே அனுப்பட்டுமா என்று அண்ணாவிடம் கேட்டார். "எந்த மனு சார்?" என்றார். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

மே 29, வெள்ளி

மீசை அண்ணாவின் முதல் பறத்தல். நான் தரையில், கணக்கோடு. வேண்டுமென்றே காற்று அதிகமுள்ள நாளாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான் பறந்தபோதுகூட எனக்கு இத்தனை படபடப்பு இல்லை. கணக்கு இரண்டு பேனாவின் மூடியைக் கடித்தே தட்டையாக்கிவிட்டார்.

இறங்கும்போது, சொல்லிவைத்தாற்போல ஒரு வீச்சு. மூக்கு எழுந்தது. அவர் கை ஆடியிருக்கும், திரையில் கோடு துள்ளியது. விமானம் துள்ளவில்லை. லேசாகத் தலையசைத்து, நேராகி, வந்து உட்கார்ந்தது. கணக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார், பிறகு பக்கத்தில் நின்ற காவலாளியின் கையையும்.

அண்ணா இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். 

"செகண்டுக்கு எண்பது தடவைன்னு சொன்னியே," என்றார் கடைசியில்.

"ஆமா சார்."

"ஒரு தடவைகூட எனக்குத் தெரியலையேப்பா."

கணக்கு எண் எதுவும் சொல்லாமல் தலை குனிந்துகொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தது.

ஜூன் 16, செவ்வாய்

இரண்டரை மாதத்துக்கு மேல் ஆயிற்று, இன்றுதான் மறுபடி பழைய விமானத்தில் ஏறினேன். எஞ்சின் மாற்றியிருந்தார்கள், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. சாதாரண வேலை.

மூவாயிரம் மீட்டரில் கையுறையின் பட்டை தளர்ந்திருந்தது. இரண்டு கையையும் எடுத்து, நிதானமாக இழுத்துக் கட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் வலது இறக்கை தாழ்ந்துகொண்டிருக்கிறது, மூக்கும் அதன் பின்னாலேயே போகிறது. என்ன இது, ஏன் திருத்தவில்லை என்று அதன்மேல் கோபம் வந்தது. யார் திருத்துவது? அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அது புரிய எனக்கு ஒரு விநாடிக்கு மேல் ஆனது. அதற்குள் இருநூறு மீட்டர் உயரம் போய்விட்டது.

இறங்கும்போது இரண்டு குதி குதித்தது. மெக்கானிக் ஏணியைச் சாய்த்துக்கொண்டே, "என்ன மேடம், இன்னிக்குக் குதிரை சவாரியா?" என்றார்.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கமாண்டர் அறைக்குப் போனேன். மாப்பிள்ளையை ஓட்டுகிற ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பழைய விமானத்தையும் ஓட்டியே தீர வேண்டும் என்று அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"கையால ஓட்டறதுக்கா? கேக்கறது நீங்களா?"

"நான்தான் சார்."

கையெழுத்துப் போட்டார். அட்டவணையை எடுத்துக்கொண்டு மீசை அண்ணாவைத் தேடிப் போனேன். முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும், சந்தோஷப்படுவார் என்று. சிமுலேட்டரில் இருந்தார், கணக்கோடு. இரவு தரையிறக்கத்துக்கு ஏதோ புதிதாகச் சேர்க்கிறார்களாம். என் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"இந்த வாரம் வேண்டாம்மா, இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. அடுத்த வாரம் என் பேரைப் போட்டுக்கோ."

அவருக்கு வைத்திருந்த வியாழக்கிழமை இரண்டு மணி நேரத்தையும் என் பெயரிலேயே எழுதிக்கொண்டேன். கையால் ஓட்டிய ஒரு சுற்றுக்கே தோள்பட்டை கெஞ்சுகிறது. ஆனாலும் வியாழன் வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே!